விசுவுக்கு ஓர் ஓலைப்பெட்டி

இளவேனிலின் தலைவாசலாகிய சித்திரை முதல் நாளில், கனிகளையும் பூவையும் பொன்னையும் கண்ணாடியின் முன் அடுக்கி அவற்றில் கண்விழிக்கும் விசு வழக்கம் நெல்லைச் சீமையில் நெடுங்காலமாக உண்டு. அந்த நன்னாளில் உற்றார் வீட்டுக்கு ஒரு வெகுமதி கொடுத்தனுப்ப நினைக்கும் சங்கரன்கோவில்வாசிகள், பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கூடையைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. அந்த வட்டாரத்துப் பனை அவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாத்திரம் ஒன்றை அளித்திருக்கிறது.

பனையின் எல்லா ஓலையும் பெட்டிக்கு உதவாது. முற்றிய சாரோலை கூரைக்கும் வேலிக்கும் போக, உச்சியில் விரியாமல் கூர்ந்து நிற்கும் குருத்தோலையே இந்த வேலைக்கு உகந்தது. ஒரே மரத்தின் குருத்தை அடுத்தடுத்து வெட்டினால் மரம் மெலிந்துபோகும் என்பதால், அனுபவசாலிகள் மரம் மாற்றி மரமாக, விட்டுவிட்டே எடுப்பார்கள். வெட்டியதை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வகிர்ந்து, முடைவதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். உலர்ந்தபடியே மடித்தால் ஓலை ஒடியும். மிதமிஞ்சி நனைந்தாலோ, காய்ந்தபின் சுருங்கி இழைகள் விலகிவிடும்.

ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடுவதால்தான் அதை நேராக வகிர முடிகிறது. அதே காரணத்தால், நீளவாக்கில் இழுத்தால் வெகுவாகத் தாங்கும் கீற்று, அகலவாக்கில் இழுத்தால் சுலபமாகப் பிளந்துவிடுகிறது. ஒரு கீற்றின் பலவீனமான திசையில் மற்றொரு கீற்றின் பலமான திசை வந்து பொருந்துமாறு செய்வதே முடைதலின் சூட்சுமம்.

இனி, பெட்டி எழும்பும் விதத்தைப் பார்ப்போம். என் வரையில், இந்தக் கலையின் அழகெல்லாம் இங்கேதான் இருக்கிறது. முதலில் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்து ஒரு சதுரப் பாய் முடைகிறார்கள். அச்சதுரத்தின் மூலைகளே பெட்டியின் மூலைகளாகும் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஆனால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உள்ள இரு கீற்றுகளைக் குறுக்கிட்டு இறுக்கியவுடன் அந்த நடுப்புள்ளி மூலையாக நிமிர்கிறது. சதுரத்தின் பழைய மூலைகளோ சுவர்களின் மத்தியில் மேலேறிவிடுகின்றன. இதனால் கீற்றுகள் செங்குத்தாக நில்லாமல், இருபுறமும் சாய்ந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டே ஏறுகின்றன. விளிம்பை அடைந்ததும் அவை மடங்கி, வந்த பின்னலினூடே மீண்டும் கீழ்நோக்கி நுழைந்து சுவரை இரட்டையாக்குகின்றன. பசையோ ஆணியோ இல்லாத இந்த அமைப்பை உராய்வு ஒன்றே பிடித்து நிறுத்துகிறது. கனத்த பண்டங்களுக்கான பெட்டியாயின், மட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைப் பொத்தித் தைப்பதும் உண்டு. அளவுகோலும் வரைபடமும் இன்றி, விரல்களின் பழக்கத்தாலேயே இத்தனை கணிதத்தையும் நிறைவேற்றும் பெண்களின் கைத்திறனை எவ்வளவு போற்றினாலும் தகும். இதே குலத்தைச் சேர்ந்த செட்டிநாட்டுக் கொட்டான் 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடும் ஓலை வேலைக்குப் பெயர்போன ஊரே.

பெட்டியில் வைப்பதற்கும் தூரம் போக வேண்டாம். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பிரசித்தம், ராஜபாளையம் மாம்பழத்துக்கு. பதநீர்க் காலம் அதுவாகையால் புதுக் கருப்பட்டி கிடைக்கும். வேப்பம்பூவும் அப்பொழுதுதான் உதிரும். பின்னலின் நுண்ணிய துளைகளில் காற்று உலாவுவதால் பழங்கள் புழுங்குவதில்லை. ஈரக்காற்றில் கசியும் கருப்பட்டியை மட்டும் மூடியுள்ள சிறு பெட்டியில் தனியே வைப்பது உத்தமம். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்க, நல்ல பெட்டியை மறுபடி பிளாஸ்டிக் தாளால் மூடுவது அழகன்று. வாழையிலையும் நார்க்கயிறும் போதும்.

ஓலை உலரவும், வகிரவும், முடையவும் நாள் பிடிக்கும். ஆகையால் விசுவுக்குப் பெட்டி வேண்டுவோர் மாசி மாதத்திலேயே முடைபவரிடம் சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்துவிட வேண்டும். அவர் சொல்லும் கூலியில் பேரம் பேசக் கூடாது.