காட்டூர்க்காரர் தொடங்கிய இடம்: ஏஐ கற்பது எப்படி?

செயற்கை நுண்ணறிவு என்றாலே அது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில், ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் ஜி.டி. நெல்லூரில், இன்டர் முடித்த பிள்ளைகள் அப்படி நினைக்கத் தேவையில்லை. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ராஜ் ரெட்டி, 1937இல் அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர். தந்தை விவசாயி. குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பெற்ற பட்டமும் சிவில் பிரிவில்தான். பிறகு ஆஸ்திரேலியா, அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு. இத்துறைக்குப் பெயர் சூட்டிய ஜான் மெக்கார்த்தியிடம் 1966இல் முனைவர் பட்டம். கணினி உலகின் நோபல் எனப்படும் டூரிங் விருதை 1994இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார். அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்.

விருதைவிட அவர் கையிலெடுத்த வேலைதான் கற்பவருக்கு முக்கியம். மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைப்பது அந்த வேலை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு 1976இல் காட்டிய ‘ஹார்ப்பி’ என்ற நிரலுக்கு 1,011 சொற்கள் தெரியும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரலாம் என்ற இலக்கணத்தை முன்கூட்டியே மனிதர்கள் வகுத்துக் கொடுத்திருந்தார்கள். இன்றைய முறை வேறு. ஏராளமான ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் கொடுத்துவிட்டால், எந்த ஒலிக்கு எந்தச் சொல் என்பதைக் கணினியே கணக்குப் போட்டுப் பிடித்துக்கொள்கிறது. சாட்ஜிபிடியின் அடிப்படையும் இதே வகைதான்: கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பது. மனிதர் விதி எழுதிய காலம் போய், கணினிக்கு உதாரணம் காட்டும் காலம் வந்தது. இந்த மாற்றம் விளங்கிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இதைக் கையால் செய்து பார்க்கலாம். கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ என்ற இலவச இணையதளத்துக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கேமராவுள்ள ஒரு கணினி போதும். சித்தூர்ப் பக்கம் மாங்காய்க்கா பஞ்சம்? கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ஒரு பிரிவு, பங்கனப்பள்ளி இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது படம் எடுத்துக் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் புதிய காயைக் காட்டினால் இன்ன ரகம், இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்லும்.

இனித்தான் உண்மையான பாடம். பெங்களூராவை எல்லாம் சாக்கின் மேலும், பங்கனப்பள்ளியை எல்லாம் சிமென்ட் தரையிலும் வைத்துப் படமெடுத்திருந்தால், அது காயைக் கற்காமல் சாக்கைக் கற்றிருக்கக்கூடும். சாக்கின் மேல் தேங்காயை வைத்தாலும் பெங்களூரா என்று சொல்லிவிடும். தேங்காய்க்குத் தனிப்பிரிவு இல்லாததால் தெரியாது என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. பயிற்சிக்குக் கொடுத்த படத்தையே சோதனைக்கும் காட்டி நூறு சதவீதம் என்று மகிழ்வதும் ஏமாற்றுத்தான். முக அடையாளம், கடன் ஒப்புதல், நோய் கண்டறிதல் எல்லாவற்றிலும் இதே கோளாறுதான் பெரிய அளவில் வருகிறது.

அடுத்த படி பைத்தான் மொழி, கூடவே கணக்கு. அணிகள், நிகழ்தகவு, வகையீடு. இன்டரில் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்) எடுத்தவர்களுக்கு இவை புதிதல்ல. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் பிடிபடும். சென்னை ஐஐடி பேராசிரியர் பி. ரவீந்திரனின் இயந்திரக் கற்றல் வகுப்புகள் என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் இருக்கின்றன. ஆங்கிலம்தான், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதே ஐஐடி தரவு அறிவியலில் 2021 முதல் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. அதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம்.

தமிழக எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு இங்கே வீட்டுப் பேச்சு. கணினிக்கோ கலப்புப் பேச்சு இன்னும் தடுமாற்றம்தான். சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு இந்திய மொழிகளுக்கான தரவுகளையும் நிரல்களையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருகிறது. பைத்தான் கைவந்தபின் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதே நல்ல முதல் வேலை.

‘ஒரே மாதத்தில் ஏஐ நிபுணர்’ என்று நோட்டீஸ் ஒட்டி ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்: என்பிடெல் வகுப்புகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டுமே பணம் கட்ட வேண்டும்.