சம்பளம் வேறு, ஜகாத் வேறு



ரமலான் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு கேள்வி வரும். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு இந்த மாதச் சம்பளத்தை ஜகாத் கணக்கிலேயே கொடுத்துவிடலாமா? கூடாது. சம்பளம் நாம் அடைக்க வேண்டிய கடன். ஜகாத் ஏழையின் ஹக். முதலில் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். ஜகாத்துக்கு உரியவராக இருந்தால் அதைத் தனியாகக் கொடுக்கலாம். மற்றவருக்கு சதகா கொடுக்கலாம்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதில் நபி (ஸல்) அவர்களிடம் பணிக்கு வந்து பத்து ஆண்டுகள் இருந்தார்கள். அத்தனை காலத்தில் ஒருமுறைகூடத் தம்மை 'சீ' என்று சொன்னதில்லை என்று அவர்களே அறிவித்துள்ளார்கள். நாம் உண்பதையே பணியாளருக்கும் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறிய வேலை தரக்கூடாது என்பதும் நபிமொழி.

நாட்டின் சட்டம் வெகு தாமதமாகவே வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-ல் அமைந்தது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. பதியாதவருக்கு இவை கிடைக்காது.

நம் மஹல்லாவிலிருந்தும் சகோதரிகள் பிறர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் வேலை செய்பவரை ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்துடன் நம் அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். வாரிய விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.