காரணமும் சாக்கும்

செய்ய வேண்டிய கடமையைச் செய்யாது விட்ட ஒருவனை நோக்கி, 'ஏன் செய்யவில்லை?' என்று வினவினால், அவன் இரண்டு வகையாக விடை கூறலாம். ஒன்று காரணம், மற்றொன்று சாக்கு. கேட்பவர் செவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சில வேளைகளில் இரண்டிலும் வரும் சொற்களும் ஒன்றாகவே இருக்கும். ஆயினும் அவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை நன்கு உணர வேண்டியவர்களுள், கவனக் குறைபாடு உடைய சிறுவர் சிறுமியரும், அவர்தம் பெற்றோரும் ஆசிரியரும் முதன்மையானவர் ஆவர்.

கவனக் குறைபாடு என்பது யாது? ஆசிரியர் பாடம் நடத்துகிறார்; மாணவன் ஒருவன் கண்கள் சன்னலுக்கு வெளியே ஓடும் அணிலின் பின்னே செல்கின்றன. அவனால் இருக்கையில் அமைதியாக அமர இயலுவதில்லை. வினா முடியுமுன்பே விடை கூறிவிடுகிறான். எழுதுகோலை நாள்தோறும் எங்கேனும் வைத்து மறக்கிறான். கணக்கைத் தொடங்குகிறான், பாதியில் விட்டுவிடுகிறான். எல்லாப் பிள்ளைகளும் எப்போதேனும் இவ்வாறு இருப்பது உண்டு. ஆனால், இவ்வியல்புகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, 6 திங்களுக்குக் குறையாமல் நீடித்து, வீடு பள்ளி ஆகிய இரண்டிடத்தும் வாழ்க்கைக்கு இடையூறு செய்யுமாயின், மருத்துவர் ஆராய்ந்து அதனைக் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்பர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.டி.எச்.டி. என்றும் வழங்குவர். ஏறத்தாழ நூற்றுக்கு 5 பிள்ளைகளிடம் இது காணப்படுகிறது. சிலர் ஓடியாடாமல் அமர்ந்தபடியே கனவில் ஆழ்ந்திருப்பர். பெண்பிள்ளைகளிடம் இவ்வகை மிகுதியாதலின், அவர்தம் இடர்ப்பாடு பிறர் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு.

முற்காலத்தில் இத்தகைய பிள்ளைகளைச் சோம்பேறி என்றும் அடங்காதவர் என்றும் பழித்தனர். 1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இலண்டன் மாநகரில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள மாட்டாத பிள்ளைகளை அவற்றில் விரித்துரைத்தார். ஆயினும் அவரும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே கருதினார். கவனக் குறைபாடு என்னும் பெயர் அமெரிக்க உளமருத்துவர் கழகத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980ஆம் ஆண்டிலேதான்.

இன்று நாம் அறிவது அதனினும் மிகுதி. இக்குறைபாடு பெரும்பாலும் மரபுவழி வருவது. வளர்ப்பின் பிழையால் விளைவது அன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகள் படமெடுத்து ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். இக்குறைபாடு உடையவர்களின் மூளைப்புறணி பிறர்க்குரிய ஒழுங்கிலேயே வளர்கிறது. ஆயினும் ஏறத்தாழ 3 ஆண்டுகள் பிந்தி வளர்கிறது. திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்பகுதியிலே அத்தாமதம் மிகுதியாக உள்ளது. உடல் அசைவை ஆளும் பகுதியோ சற்று முந்தியே முதிர்கிறது. ஆதலின், கால்கள் ஓட முந்துகின்றன. நிறுத்தும் ஆற்றல் பின்தங்கி வருகிறது.

இஃது உண்மையான காரணம். இதனை மறுத்துப் பிள்ளையை வைவது அறியாமையாகும். ஆனால், காரணம் அறிந்த பின்னர்ச் செய்ய வேண்டியது யாது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

உழவன் ஒருவனுக்கு மேட்டு நிலம் வாய்த்தது என்று கொள்வோம். அண்டை நிலத்தில் வாய்க்கால் நீர் தானே பாய்கிறது; அவன் நிலத்தில் ஏறவில்லை. அதற்காக அவனைச் சோம்பேறி என்பார் உளரோ? இலர். நிலம் மேடாயிருப்பது அவன் குற்றம் அன்று. எனினும், 'என் நிலம் மேடு' என்று கூறி அவன் வரப்பின்மேல் அமர்ந்துவிட்டால், அறுவடைக் காலத்தில் களஞ்சியம் நிறையாது. ஆதலால் அவன் நீரை இறைத்துப் பாய்ச்சுகிறான். அண்டை நிலத்தானைவிட மிகுதியாக உழைக்கிறான். அவ்வுழைப்புக்கு உரிய கருவியையும் தேடிக்கொள்கிறான்.

'எனக்குக் கவனக் குறைபாடு உள்ளது, ஆதலால்...' என்று ஒரு மாணவன் தொடங்குகிறான். இதுவரை அவன் கூறியது உண்மை. 'ஆதலால்' என்பதற்குப் பின்னே வருவதைக் கொண்டே அது காரணமா, சாக்கா என்று துணிய வேண்டும். 'ஆதலால் என்னைக் கேளாதீர்கள்' என்றால் அது சாக்கு. 'ஆதலால் கணக்கை நான்கு நான்காகப் பிரித்துச் செய்கிறேன்' என்றால் அது காரணம். முன்னது வேலையை முடித்துவைக்காமலே மூடிவிடுகிறது. பின்னது வேலையைத் தொடங்க ஓர் இடம் காட்டுகிறது.

சாக்குச் சொல்லும் பிள்ளையின் உள்ளத்தையும் நாம் அறிதல் வேண்டும். பல ஆண்டுகள் வசை கேட்டு வருந்திய பிள்ளைக்குக் குறைபாட்டின் பெயர் ஒரு கேடயமாகக் கிடைக்கிறது. அதனை அவன் இறுகப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. வசை நின்றாலன்றிக் கேடயத்தைக் கீழே வைக்கமாட்டான். ஆதலின் பெரியோர் முதலில் பழிச்சொல்லைக் கைவிட வேண்டும். அதே வேளையில், அன்பின் மிகுதியால் அவனை எல்லாக் கடமையிலிருந்தும் விடுவித்தலும் தகாது. 'உன்னால் ஆகாது' என்று சொல்லாமல் சொல்வதே அவ்விடுதலை. இன்று அது இனிக்கும். முயற்சியும் பழக்கமும் இன்றி வளர்ந்தபின், அதன் இழப்பு அப்பிள்ளைக்கே உரியதாகும்.

மகன் வீட்டுப்பாடம் எழுதவில்லை. "அம்மா, எனக்குத்தான் கவனக் குறைபாடு உள்ளதே!" என்கிறான். "ஆம், தம்பி. அதனாலன்றோ நாம் இருவரும் அமர்ந்து அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம்? அதனைப் பார்த்தாயா? வா, முதற் கணக்கை இப்போதே தொடங்குவோம்" என்று தாய் கூறுவாளாயின், அவள் குறையையும் மறுக்கவில்லை, கடமையையும் தள்ளிவைக்கவில்லை.

இவ்வாறு வளர்க்கப்பெற்ற ஒருவரை உலகம் அறியும். அமெரிக்க நாட்டின் பால்ட்டிமோர் நகரில் 1985ஆம் ஆண்டில் பிறந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்பவரே அவர். 9 வயதில் அவருக்கு இக்குறைபாடு இருப்பதை மருத்துவர் கண்டனர். அவர் தாய் பள்ளி ஆசிரியை. மகன் படிக்க மறுத்தபோது அவர் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தார். சிறுவர் நீச்சற் போட்டி ஒன்றில் இரண்டாம் இடம் பெற்ற மகன், சினத்தால் நீச்சற் கண்ணாடியைக் கழற்றி வீசினான். 'பிள்ளையின் இயல்பு அது' என்று தாய் வாளா இருக்கவில்லை. வெற்றியைப் போலவே பண்பும் இன்றியமையாதது என்று எடுத்துரைத்தார். பின்னர் இருவரும் கூடி ஒரு குறிப்பை வகுத்தனர். மகன் மனம் கலங்கும்போதெல்லாம், தாய் பார்வையாளர் வரிசையிலிருந்து தம் கையை ஆங்கில எழுத்தாகிய 'சி' வடிவில் வளைத்துக் காட்டுவார். 'உன்னை அமைதிப்படுத்திக்கொள்' என்பது அதன் பொருள்.

2008ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் விழாவில், 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின்போது ஃபெல்ப்சின் கண்ணாடிக்குள் நீர் புகுந்து நிறைந்தது. கண் தெரியவில்லை. அவரோ தம் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தினார். உலகச் சாதனையுடன் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்விழாவில் அவர் பெற்ற தங்கங்கள் 8. 2016ஆம் ஆண்டுவரை ஒலிம்பிக் விழாக்களில் அவர் பெற்ற பதக்கங்கள் 28; அவற்றுள் 23 தங்கம். ஒரு கணக்கில் கவனம் நில்லாத சிறுவன், இருளில் கைவீச்சை எண்ணும் வீரனாயினான். குறைபாடு அவருக்குப் பதக்கம் தரவில்லை. நாள் தவறாத பயிற்சியே தந்தது.

எல்லாரும் பதக்கம் பெறுதல் இயலாது. அது வேண்டுவதும் அன்று. நாள்தோறும் செய்யத்தக்கவை சில உண்டு. பெரிய பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கூறும் முடிந்தபின் எழுந்து சிறிது நடக்கலாம். மறுநாள் கொண்டுசெல்ல வேண்டியவற்றை இரவிலேயே பையில் வைக்கலாம். நினைவை நம்பாமல் குறிப்பேட்டை நம்பலாம். மருத்துவர் மருந்து கொடுத்தால் அவர் சொன்னவாறே உட்கொள்ளலாம். பெற்றோரும் ஆசிரியரும், பிள்ளை முயன்றதைக் கண்டவுடன் அக்கணமே பாராட்டுதல் வேண்டும். இத்தகைய பிள்ளைகளுக்கு நெடுநாள் கழித்து வரும் பரிசைவிட, உடனே கிடைக்கும் ஒரு நற்சொல் மிகுந்த ஊக்கம் தரும்.

இவ்வளவு செய்தும் தவறுவது உண்டு. பேசும் தோழியை இடைமறித்துவிடலாம். பிறர் பொருளைத் தட்டி உடைத்துவிடலாம். வேண்டுமென்று செய்யாவிடினும், உடைந்தது பிறர் பொருளன்றோ? அப்போது, 'என் குறைபாட்டால் நேர்ந்தது' என்று கூறி அகலுதல் போதாது. வருத்தம் தெரிவித்து, இயன்றவாறு ஈடு செய்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் இக்குறைபாடு உடைய தோழர் இருப்பின், அவரை நகையாதீர்கள். எழுதிய குறிப்பைக் காட்டி உதவுங்கள். உங்களுக்கே அக்குறைபாடு இருப்பின், அதனைக் கூற நாணாதீர்கள். கூறிய பின்னர், 'ஆதலால்' என்னும் சொல்லை அடுத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பின்பு அதனைச் செய்யத் தொடங்குங்கள்.