‘சும்மா கம்பெனி குடு மச்சி’ என்று இழுத்தால்...

கல்லூரி திறந்த முதல் மாதமே விடுதி வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்துவிடும். ‘சனிக்கிழமை ட்ரீட். தலைக்கு 500. ஜிபே பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட் போடு.’ நான் குடிக்க மாட்டேன் என்றால், ‘சைடு டிஷ் தின்னுட்டு சும்மா கம்பெனி குடு’ என்பார்கள். அதற்கும் மசியாதவனுக்குப் ‘பழம்’ என்று பட்டம் கட்டி, மெஸ்ஸில் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். வார்டனிடம் போனால், ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா.’ வீட்டில் சொன்னாலும் அதேதான்.

அட்ஜஸ்ட் செய்துகொள்ள இதில் எதுவும் இல்லை. மாணவர்மீது செலவைக் கட்டாயமாகச் சுமத்துவதும், அவர் இயல்பாகச் செய்யாத ஒன்றைச் செய்ய வைப்பதும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி ராகிங். அடித்தால்தான் ராகிங் என்று நினைக்கும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ராகிங் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரை அதே சட்டம் உடந்தையாகவே கருதுகிறது. இந்த வரியைப் பல முதல்வர்கள் படித்ததே இல்லை போலிருக்கிறது. போதாததற்கு, 21 வயது நிரம்பாதவருக்கு இங்கே மது விற்கவே கூடாது. வாங்கி வர அனுப்பப்படுவதோ 18 வயது ஜூனியர்.

சரி, என்ன செய்வது? முதலில், கோபத்தில் குரூப்பிலிருந்து வெளியேறாதீர்கள். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள். பயந்து பணம் கொடுத்துவிட்டீர்களா? அந்த யுபிஐ பதிவும் சாட்சிதான். பிறகு, ராகிங் தடுப்புக் குழுவுக்கு நகலிட்டு முதல்வருக்கு ஒரு மனு. எந்த நாள், எத்தனை மணி, எந்த பிளாக், எந்த அறை, யார், சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதினால் ஒரு பக்கம் போதும். ‘மன உளைச்சல் தருகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அலுவலகத்தில் மறுத்தால் மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும்.

கையோடு 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பெயரை வெளியிட வேண்டாமென்றால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய வைப்பது முதல்வரின் கடமை. ‘காலேஜ் பேரு கெட்டுடும்’ என்று சமாதானம் பேச வருவார்கள். மனுவை மட்டும் திரும்ப வாங்கிவிடாதீர்கள். அறை மாற்றக் கேட்பது தனி மனு. அதற்கும் முத்திரை வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், முத்திரை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் நீங்கள் தரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை பிரவுசிங் சென்டர்க்காரரே நிரப்பிவிடுகிறார். ஒருமுறையாவது படித்துப் பாருங்கள்.

புகாரால் தொல்லை நிற்கும். சிநேகிதர்கள் கிடைத்துவிட மாட்டார்கள். சனிக்கிழமை மாலையை நிரப்ப ஏதாவது வேண்டுமே. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி உண்டு, 7 நாள் கிராம முகாமும் உண்டு. முதல் மாதமே திட்ட அலுவலரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். சான்றிதழை விடுங்கள், முகாமில் ஒரே அண்டாவில் சாம்பார் கிண்டியவர்கள் அப்புறம் தெரியாதவர்களாக இருப்பதில்லை. சென்னையில் ஜனவரி தொடங்கி சில மாதங்கள் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கிறார்கள். பங்குனி ஆமையின் தடம் கண்ட இடத்தில் கையாலேயே மணலைத் தோண்டி, நூறு முட்டைபோல எண்ணி எடுத்து, பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சில இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். இத்தனை தூரம் மணலில் நடப்பவர்களுக்கு நடுவில் ‘நீ ஏன் குடிக்கலை?’ என்ற கேள்வியே எழாது.

இவ்வளவுக்குப் பிறகும் ‘கம்பெனி’ கொடுக்கப் போகிறவர்களுக்கு: குடித்தவன் ஓட்டும் பைக்கில் பின்னால் ஏறாதீர்கள். போதையில் ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. விழுந்தால் இரண்டு பேரும்தான் விழுவீர்கள். யாராவது நினைவிழந்து கிடந்தால், ‘தூங்கினா சரியாயிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழையுங்கள். வார்டனுக்குப் பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பாட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.