ஒரே ஆளுக்கு மூணு ஃபைலா? மருத்துவமனையில் இதைக் கவனிங்க!

பெரிய மருத்துவமனைக்குப் போனதும், "ஏற்கெனவே வந்திருக்கீங்களா?" என்று ரிசப்ஷனில் கேட்பார்கள். பழைய அட்டை கையில் இல்லையென்றால், "புதுசாவே போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் 'எஸ்.முருகன்', அடுத்து 'முருகன் எஸ்', இப்போது 'முருகன் சுப்பையா'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்! 'பென்சிலின் ஒத்துக்காது' என்ற குறிப்பு முதல் ஃபைலில் இருக்கும். டாக்டர் திறப்பதோ மூன்றாவது ஃபைலை. அது காலியாக இருந்தால், அலர்ஜியே இல்லை என்றுதானே நினைப்பார்?

இப்படிப்பட்ட இரட்டைப் பதிவுகளைத் தேடி, பிறந்த தேதி, முகவரியெல்லாம் ஒப்பிட்டு மருத்துவமனைகள் ஒன்றாக்குகின்றன. மொபைல் நம்பரை மட்டும் நம்ப முடியாது. பல வீடுகளில் எல்லோருக்கும் ஒரே நம்பர்தான். தப்பாக இணைத்தால், அப்பாவின் மாத்திரை மகன் ஃபைலில் ஏறிவிடும். அதனால் சந்தேகமான பதிவுகளை ஊழியர்களே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்?

* எப்போதும் ஆதாரில் உள்ளபடியே பெயர் கொடுங்க.
* நோயாளி எண்ணை மொபைலில் போட்டோ எடுத்து வைங்க. 14 இலக்க 'ஆபா' எண் இருந்தால் அதையும் காட்டுங்க.
* இரண்டு நோயாளி எண் இருந்தால், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சொல்லி ஒன்றாக்கச் சொல்லுங்க.

ஃபைல் எப்படி இருந்தாலும், அலர்ஜியை ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிடுங்க!