காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு

தாதரில் இருப்பவர்களுக்குப் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியும் சயான் ஆஸ்பத்திரியும் பக்கம். கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குக் காலையில் ஆபரேஷன் செய்து மாலையிலேயே வீட்டுக்கு அனுப்புவது இப்போது சகஜம். பயம் வேண்டாம். கிளாஸ்கோ நகரில் டாக்டர் ஜேம்ஸ் நிகோல் குழந்தைகளுக்கு இப்படி 8,988 ஆபரேஷன்கள் நடந்ததாக 1909-லேயே எழுதியிருக்கிறார்.

நம்மவர்கள் தவறுவது டீயில்தான். 'வெறும் வயிற்றோடு வா' என்றால் சோறு மட்டும் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் கட்டிங் சாய் உள்ளே போய்விடும்! மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். டாக்டர் சம்மதித்தால் வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். தெரியாமல் டீ குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போய் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும்.

பட்டினி நாளில் சர்க்கரை மாத்திரை போடலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். மூக்குத்தி, மெட்டியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

துணைக்கு ஒருவர் கட்டாயம். மராத்தியோ இந்தியோ பேசுபவரானால் நல்லது. மயக்கம் தெளிந்தாற்போலத்தான் இருக்கும். தாதர் பாலத்தில் மாலைக் கூட்டம் இடிக்கும்போது தலை சுற்றும். அன்று ரெயில் வேண்டாம், டாக்சியில் போங்கள்.