வைக்கோல் கட்டுகளால் வீட்டுச் சுவர்

கொடிவேரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் கோபி வட்டார விவசாயிகளுக்கு, இயந்திரம் கட்டித் தரும் வைக்கோல் கட்டுகள் இன்று பழகிப் போனவை. மாட்டுத் தீவனம் போக மிஞ்சுவதைக் கொண்டு வீட்டுச் சுவரே எழுப்பலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மரம் அரிதான மணல்மேட்டுப் பகுதிக் குடியானவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கையாளத் தொடங்கினர். அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928இல் இவ்வாறு ஒரு தேவாலயமே கட்டப்பட்டது.

தடித்த இச்சுவர் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. இறுக்கிக் கட்டி, நன்கு பூசிய சுவரில் காற்றோட்டம் இல்லாததால் தீயும் எளிதில் பரவாது. ஈரம்தான் இதற்குப் பகை.

உருளைக் கட்டுகள் சுவருக்கு உதவா. செவ்வகக் கட்டுகளே தேவை. அவற்றின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருங்கல் கடைக்காலைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி, அதன்மேல் கட்டுகளைச் செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்கி, மூங்கில் குச்சிகளைச் செருக வேண்டும். கூரைப் பாரத்தைத் தூண்கள் தாங்கட்டும். இறவாணம் 2 அடி வெளியே நீளட்டும். கரையான் ஏறுகிறதா என்று கடைக்காலை அடிக்கடி பார்த்து வர வேண்டும்.

இருபுறமும் செம்மண்ணோ சுண்ணாம்போ பூசலாம். சிமெண்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி வைக்கோல் மட்கிவிடும்.

முதலில் தோட்டத்தில் சிறு சாளை ஒன்று கட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையை அது தாங்குவதைப் பார்த்த பின் வீட்டு வேலையைத் தொடங்குவது நலம்.